வரலாற்றில் எம்.ஏ. முடித்தவர் ஜெர்மனியில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிப்பது எப்படி?

அங்கே முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சம்பளத்தோடு வரும் வேலை. பல்கலைக்கழகமோ ஆய்வுத் திட்டமோ விளம்பரம் செய்யும். மாநிலப் பொதுத்துறை ஊதிய அட்டவணையில் பெரும்பாலும் 'ஈ 13' நிலை, வரலாறு போன்ற கலைத் துறைகளில் பெரும்பாலும் பாதி நேர வேலை அல்லது முழுநேர வேலையில் 65 சதவீதம். தலைப்பு பெரும்பாலும் முன்பே முடிவாகியிருக்கும். உங்கள் கடிதம் அந்தத் திட்டத்துக்கு நீங்கள் என்ன தருவீர்கள் என்பதைத்தான் பேச வேண்டும்.

மற்றொன்று, நீங்களே தலைப்பைத் தேர்ந்து, வழிகாட்டப் பேராசிரியரைத் தேடுவது. இதற்கு உதவித்தொகையைத் தனியாகத் தேட வேண்டும். ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) தரும் உதவித்தொகை முக்கியமானது. பேராசிரியரின் சம்மதக் கடிதம் கையில் இருந்தால் விண்ணப்பம் வலுப்பெறும்.

இரண்டாம் வழியில் உயிர்நாடி ஆய்வுத் திட்ட வரைவு. "காலனியக் காலக் கல்வி" என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எந்த ஊர், எந்த ஆண்டுகள், எந்த ஆவணக் காப்பகம் என்று சொல்லுங்கள். தரங்கம்பாடியில் ஜெர்மன் பாதிரியார்கள் நடத்திய மிஷன் பற்றியென்றால் ஹாலே நகரின் ஃபிராங்கே அறக்கட்டளையில் கடிதங்களும் தமிழ்ச் சுவடிகளும் இருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தமிழும் பழைய ஜெர்மன் கையெழுத்தும் வேண்டும். உங்கள் தமிழை அடக்கமாக ஓரத்தில் குறிப்பிடாதீர்கள், முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

பேராசிரியருக்கு முதல் மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும். அவருடைய கட்டுரை ஒன்றையாவது படித்துவிட்டு எழுதுங்கள்.