சிறுவயதில் தலைக்குக் கதிர்ச் சிகிச்சை எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் மூளை உறையில் கட்டி வருமா?

வரலாம், ஆனால் எல்லோருக்கும் வராது. எங்கள் அக்காவுக்கு வந்தது.

போர்க்காலத்தில் வன்னியில், மல்லாவியில் இருந்தபோது அக்காவுக்கு இரத்தப் புற்றுநோய். வெளியே போக அனுமதிப் பாஸ் எடுத்து, வவுனியா தாண்டி கொழும்புப் பக்கம் மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நோய் மூளைக்குப் பரவாமலிருக்கத் தலைக்கும் கரண்ட் பிடிப்பது அப்போதைய வழக்கம் (கதிர்ச் சிகிச்சையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்). பொதுவாக 18 முதல் 24 கிரே வரை (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு). அந்த வைத்தியத்தை நான் குறை சொல்லமாட்டேன், அக்கா உயிரோடு இருப்பதே அதனால்தான். இருபது வருசத்துக்கு மேல் கழித்துத் தலையிடி, பிறகு வலிப்பு. ஸ்கானில் மெனின்ஜியோமா, அதாவது மூளை உறையில் வரும் கட்டி என்றார்கள்.

இது நெடுங்காலம் பதுங்கியிருந்து வரும் கட்டி. 1948 முதல் 1960 வரை இஸ்ரேலில் தலையில் படர்தாமரை வந்த சுமார் 11,000 பிள்ளைகளுக்குக் கதிர் கொடுத்தார்கள். மூளைக்குப் போனது ஏறத்தாழ 1.5 கிரேதான். 1988இல் வெளிவந்த ஆய்வில், மற்றவர்களைவிட அவர்களுக்கு இந்தக் கட்டி ஒன்பது மடங்குக்கும் மேல் வந்திருந்தது. இதைப் படித்துவிட்டு சி.ரி. ஸ்கானுக்குப் பயப்படவேண்டாம், அதில் போகும் அளவு மிகக் குறைவு.

மெனின்ஜியோமா பெரும்பாலும் சாதுவான கட்டிதான். கதிரால் வருவது கொஞ்சம் முரடு: ஒன்றுக்கு மேல் இருக்கலாம், வெட்டி எடுத்தாலும் திரும்ப வரலாம். சத்திரசிகிச்சைதான் முதல் வழி. மறுபடி கரண்ட் பிடிக்கலாமா என்பது முன்பு எவ்வளவு, எந்த இடத்துக்குக் கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. அதைத்தான் டொக்டர் முதலில் கேட்டார். அந்த விவரத்துக்கு நாங்கள் எங்கே போவது? 2009இல் கடைசிச் சண்டைக்குள் இருந்து வரும்போது அம்மா காணி உறுதியையும் பிறப்புப் பத்திரங்களையும் ஷொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். வைத்திய விவரம் எழுதிய கிளினிக் கொப்பி தடிப்பு என்று மாத்தளனில் பங்கருக்குள்ளேயே விட்டுவிட்டார். அந்த நேரத்தில் யார்தான் யோசிப்பார்கள்!

ஆகவே கொப்பி இல்லாவிட்டாலும் வாயால் சொல்லுங்கள்: எந்த வயதில், எந்த ஆஸ்பத்திரியில், என்ன நோய்க்கு. பழைய பதிவு அங்கே இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். புதிதாகத் தலையிடி, வலிப்பு, பார்வை மங்கல் வந்தால் பனடோலோடு நாளைக் கடத்தவேண்டாம்.

அப்புறம், எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இன்னொன்று. உடம்பில் செல் துண்டு (எறிகணைச் சிதறல்) இருந்தால் எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகமுன்னரே சொல்லிவிடுங்கள். அந்த மெசினில் உள்ள பலமான காந்தம் இரும்பை அசைக்கும். கண்ணுக்கோ மூளைக்கோ கிட்ட என்றால் ஆபத்து. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். எம்.ஆர்.ஐ. சரிவராவிட்டால், கட்டியைத் தெளிவாகக் காட்டும் மருந்தை ஏற்றி சி.ரி. எடுக்கலாம், இந்தக் கட்டி அதிலும் பெரும்பாலும் தெரியும்.