தோழிகளோடு சவானா: வாசகியர் கேள்வி பதில்

போன இதழில் தோழிகள் மட்டுமாகப் போகும் பயணங்களைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஜார்ஜியா மாநிலத்துச் சவானாவைப் பற்றியே கேட்கின்றன, அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அந்த ஊருக்குத்தான்.

கேள்வி: அக்கா, கல்லூரி விடுதியில் ஒன்றாக இருந்த ஆறு பேர் இப்போது அமெரிக்காவில் ஆளுக்கொரு மாநிலத்தில் இருக்கிறோம். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு மூன்று இரவு எங்காவது போக வேண்டும் என்று நான்கு வருடமாகப் பேசிக்கொண்டே இருக்கிறோம். பழைய ஊராக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே எண்ணம். சார்ல்ஸ்டன், நியூ ஆர்லியன்ஸ், சவானா என்று மூன்று பெயர் அடிபடுகிறது. எதற்குப் போகலாம்? (வாசகி, நியூ ஜெர்சி)

பதில்: சவானாவுக்குப் போங்கள். நியூ ஆர்லியன்ஸில் இசைக்கும் சாப்பாட்டுக்கும் குறைவே இல்லை, ஆனால் அது இரவு விழித்திருக்கும் ஊர். சார்ல்ஸ்டன் அழகு, செலவு அதிகம். நீங்கள் நான்கு வருடம் பேசாமல் வைத்திருக்கும் கதையெல்லாம் பேசித் தீர்க்கப் போகிறீர்கள், அதற்கு உட்கார இடம் வேண்டும். உட்காருவதற்கென்றே கட்டிய ஊர் போலத்தான் எனக்குச் சவானா தெரிகிறது. 1733-இல் ஜேம்ஸ் ஓகில்தார்ப் இந்த ஊரை அமைத்தபோது, கொஞ்சம் வீடுகள், நடுவே ஒரு சதுக்கம், மறுபடி வீடுகள், மறுபடி சதுக்கம் என்று வரைந்தார். பின்னால் வந்தவர்களும் அதே கணக்கில் ஊரை வளர்த்தார்கள். 24 சதுக்கங்களில் 22 இன்றும் இருக்கின்றன. இரண்டு தெரு நடந்தால் ஒரு ஓக் மர நிழல், ஒரு பெஞ்சு. நடந்து களைத்தவள் உட்காருவாள், மற்றவர்கள் சுற்றி நிற்பார்கள், பேச்சு அப்படியே தொடரும்.

அந்த ஊர் இன்று நாம் பார்க்கிற மாதிரி இருப்பதற்கும் பெண்கள்தான் காரணம். 1954-இல் வாகன நிறுத்தம் கட்டுவதற்காகப் பழைய சந்தைக் கட்டடத்தை இடித்தார்கள். அடுத்தது 1820-இல் கட்டிய டேவன்போர்ட் வீடு, அதுவும் வண்டி நிறுத்த இடத்துக்காகத்தான் போக இருந்தது. 1955-இல் ஏழு பெண்கள் சேர்ந்து 22,500 டாலர் திரட்டி அந்த வீட்டை வாங்கினார்கள். அங்கே தொடங்கிய அறக்கட்டளைதான் பிறகு ஒவ்வொரு வீடாக மீட்டது. சந்தையை இடித்துக் கட்டிய வாகன நிறுத்தத்தையே பிற்காலத்தில் இடித்துவிட்டு, அந்த இடத்தில் ஆதியில் இருந்த எல்லிஸ் சதுக்கத்தைத் திரும்ப அமைத்திருக்கிறார்கள். டேவன்போர்ட் வீடு இப்போது அருங்காட்சியகம். நான் என் தோழிகளோடு அந்த வாசற்படியில் நின்றபோது, எங்களில் ஒருத்தி “ஏழு பேர்தானா?” என்று கேட்டுவிட்டு எங்களை எண்ணிப் பார்த்தாள். அந்தப் பயணத்தில் என் மனதில் நின்ற நிமிடம் அது.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். நான்கு வருடம் இழுபட்டதற்குக் காரணம் ஊர் முடிவாகாதது இல்லை, தேதி முடிவாகாதது. ஆறு பேருக்கும் வசதியான தேதி என்று ஒன்று வரவே வராது. இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு தேதியைக் குறித்துவிடுங்கள், அந்த வாரமே ஆளுக்கு 200 டாலர் முன்பணம் வாங்கிவிடுங்கள். பணம் கொடுத்தவர்கள் வருவார்கள். நாளுக்கு ஒரே ஒரு வேலையை மட்டும் நேரம் குறித்து முன்பதிவு செய்யுங்கள், மிச்சத்தை விட்டுவிடுங்கள். எங்கள் முதல் பயணத்தில் ஒரு தோழி இரண்டு நாளுக்குப் பதினான்கு இடம் எழுதிக்கொண்டு வந்தாள், பாவம், எல்லாருக்காகவும்தான் அவ்வளவு மெனக்கெட்டாள். இரண்டாம் நாள் மதியம் இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. அடுத்த முறை காகிதமே எடுத்துப் போகவில்லை, சண்டையும் வரவில்லை.

கேள்வி: எந்த மாதம் நல்லது? (வாசகி, சார்லட்)

பதில்: மார்ச் கடைசி வாரம், அல்லது நவம்பர். மார்ச்சில் அசேலியா பூத்துக் கிடக்கும். ஆனால் மார்ச் 17 செயின்ட் பேட்ரிக் தினத்தை ஒட்டிப் போகவே போகாதீர்கள், ஊர் கொள்ளாத கூட்டம், அறை வாடகையும் எங்கோ போய்விடும். கோடையில் புழுக்கம் தாங்காது, ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் வேறு, நவம்பரில் அது அநேகமாக ஓய்ந்திருக்கும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி கடிக்கும், முழங்கால் வரை மூடுகிற உடை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்களில் ஒருத்திக்கு முழங்கால் வலி. இரண்டு பேர் சைவம், முட்டைகூடத் தொடமாட்டார்கள். சவானா சரிப்படுமா அக்கா? (வாசகி, டாலஸ்)

பதில்: முழங்காலைப் பற்றி முதலில். ஊர் சமதளம், ஆற்றங்கரையிலிருந்து ஃபோர்சைத் பூங்கா வரை சுமார் ஒரு மைல்தான். பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். ‘டாட்’ என்ற இலவசப் பேருந்து ஓடுகிறது. ஆனால் நடைபாதை பழைய செங்கல், ஓக் மரத்தின் வேர் அடியிலிருந்து தூக்கித் தூக்கி ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருக்கும். போட்டோவுக்காக ஹீல்ஸ் கொண்டுவருகிறவளை இப்போதே தடுத்துவிடுங்கள். ரிவர் ஸ்ட்ரீட் இன்னும் மோசம். அந்தக் காலத்துக் கப்பல்கள் பாரத்துக்காக ஏற்றி வந்து கொட்டிய கற்களைப் பதித்த சரிவு அது, கல் படிகள் செங்குத்தானவை, ஒரு படிபோல இன்னொரு படி இருக்காது. தோழியை அந்தப் படியில் இறங்கவிடாதீர்கள். நகர மன்றக் கட்டடத்துக்குப் பக்கத்தில் லிஃப்ட் இருக்கிறது.

சாப்பாட்டில்தான் கவனம் வேண்டும். தென்மாநிலச் சமையலில் பீன்ஸ், கீரை என்று பெயர் இருந்தாலும் பன்றி இறைச்சித் துண்டு போட்டு வேகவைப்பது வழக்கம். பரிமாறுகிறவருக்கு அது இறைச்சி என்றே தோன்றாது, ருசிக்காகப் போட்டது என்று நினைப்பார். “சைவமா?” என்று கேட்டு நிறுத்தாமல் “ஹாம், பேக்கன், இறைச்சி வேகவைத்த நீர், எதுவும் இல்லையா?” என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கிரிட்ஸ் என்பது சோள ரவையைக் குழைய வேகவைத்தது, இறாலில்லாமல் வெண்ணெய் மட்டும் போட்டுத் தரச் சொன்னால் காலைக்குப் போதும், நம் நாக்குக்கு அந்நியமாகவே இருக்காது. ரிவர் ஸ்ட்ரீட் மிட்டாய்க் கடைகளில் பிரலீன் செய்வதைக் கண்ணெதிரே பார்க்கலாம். சர்க்கரையும் வெண்ணெயும் பீக்கன் பருப்பும் கொதித்த பாகைப் பளிங்குக் கல்லின்மேல் கரண்டி கரண்டியாக ஊற்றுகிறார்கள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரம் வெளுத்து இறுகுகிறது. இளஞ்சூடாக ஒரு துண்டு கையில் தருவார்கள். 1919-இல் தொடங்கிய லியோபோல்ட்ஸ் ஐஸ்கிரீம் கடையில் வரிசை நீளம்தான், ஆறு பேர் சேர்ந்து நின்றால் அது ஒரு பொருட்டே இல்லை.

கேள்வி: வீடு எடுப்பதா, ஹோட்டலா? எங்களில் ஒருத்திக்குச் சமீபத்தில் வேலை போய்விட்டது. அவளைச் சங்கடப்படுத்தாமல் எப்படிச் செலவைப் பிரிப்பது? (வாசகி, அட்லாண்டா)

பதில்: வீடுதான். இரவு பதினொரு மணிக்கு ஒரே அடுப்பங்கரையில் ஆறு பேர் டீ குடிப்பது ஹோட்டலில் நடக்காது. விளம்பரத்தில் நகராட்சியின் அனுமதி எண் இருக்கிறதா என்று பாருங்கள், குறுகிய கால வாடகைக்கு அது கட்டாயம். காட்டும் விலைக்கு மேல் வரி வரும், இரவுக்கு 5 டாலர் மாநிலக் கட்டணமும் வரும், சுத்தம் செய்யும் கட்டணமும் சேரும், எல்லாம் சேர்ந்த தொகையைச் சொல்லித்தான் பங்கு கேட்க வேண்டும்.

தோழி விஷயத்தில், “உனக்கு நாங்கள் கொடுத்துவிடுகிறோம்” என்று குழுவில் எழுதாதீர்கள், தயவுசெய்து. நீங்கள் ஒருத்தி மட்டும் போன் செய்து பேசுங்கள். வீட்டில் பெரிய அறை வேண்டும் என்கிறவள் கூடுதலாகத் தரட்டும், ஹாலில் சோபாக் கட்டில் எடுத்துக்கொள்கிறவள் குறைவாகத் தரட்டும் என்று எல்லாருக்கும் பொதுவாகவே வைத்துவிட்டால் யாருக்கும் சலுகை காட்டியது போல் இருக்காது. அவளும் அட்லாண்டா பக்கம் என்றால் நீங்கள் இருவரும் நான்கு மணி நேரத்தில் ஒரே காரில் போய்விடலாம், அவளுக்கு விமானச் செலவும் இல்லை. அப்புறம், செலவில்லாத காரியங்களை முன்னால் வையுங்கள். போனவென்ச்சர் கல்லறைத் தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. ஓக் மரங்களிலிருந்து சாம்பல் நிறத்தில் தாடி தாடியாகத் தொங்குவதை ஸ்பானிஷ் பாசி என்கிறார்கள், ஆனால் அது பாசியே இல்லை, அன்னாசிக் குடும்பத்துச் செடி. தரையில் விழுந்து கிடப்பதை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போட்டோ எடுக்காதீர்கள், அரிக்கிற பூச்சி இருக்கும்.

கேள்வி: ஓய்வுக்காகப் போகிற இடத்தில் அடிமைகள் வாழ்ந்த இடத்தையெல்லாம் பார்க்க வேண்டுமா என்று ஒரு தோழி கேட்கிறாள். எனக்குப் பார்க்க ஆசை. (வாசகி, ராலே)

பதில்: பாருங்கள். அவளையும் அழைத்துப் போங்கள். அந்த மாளிகைகளை யார் உழைப்பில் கட்டினார்கள் என்று தெரியாமல் வாசலில் நின்று போட்டோ எடுத்துவிட்டு வர எனக்கு மனம் ஒப்பாது. ஜார்ஜியா குடியேற்றம் தொடக்கத்தில் அடிமை முறையைத் தடை செய்தது, 1751-இல் அந்தத் தடை போய்விட்டது. ஓவன்ஸ்-தாமஸ் வீடு 1819-இல் முடிந்தது. முன்னால் மாளிகை, பின்கட்டில் அடிமைகளின் குடியிருப்பு. அங்கே தலை நிமிர்ந்து பாருங்கள், கூரையில் பழைய நீலச் சாயம் இன்னும் ஒட்டியிருக்கிறது. தீய ஆவி அண்டாது என்று நம்பிப் பூசிய நீலம். மேலே இருக்கிறவர்களிடமிருந்து காப்பாற்றச் சட்டமில்லாதவர்கள் அந்த நிறத்தை நம்பியிருக்கிறார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அங்கிருந்து டெய்லர் சதுக்கத்துக்கு நடந்து போங்கள். அடிமை முறைக்கு வாதாடிய அரசியல்வாதி கல்ஹூனின் பெயரில் இருந்த இடம். 1848-இல் அடிமையாகப் பிறந்து, சவானாவில் ஒளித்து நடத்திய பள்ளிகளில் எழுத்துக் கற்று, உள்நாட்டுப் போரில் செவிலியாகவும் ஆசிரியையாகவும் இருந்த சூசி கிங் டெய்லரின் பெயரை 2023-இல் நகர மன்றம் அதற்குத் தேர்ந்தெடுத்தது. அன்று மதியம் வேறு எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம், அந்த நிழலிலேயே உட்கார்ந்துவிடுங்கள்.

மாலையில் ஆற்றைக் கடக்கும் இலவசப் படகில் ஏறுங்கள். படகுகளுக்குச் சவானாப் பெண்களின் பெயர்கள்தான். சூசி கிங் டெய்லர் பெயரில் ஒன்று, 1912-இல் இந்த ஊரில் அமெரிக்கப் பெண் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய ஜூலியட் கோர்டன் லோ பெயரில் ஒன்று, 1887 முதல் 1931 வரை போகிற வருகிற கப்பலுக்கெல்லாம் பகலில் துணியும் இரவில் விளக்கும் காட்டிய ஃபுளோரன்ஸ் மார்டஸ் பெயரில் ஒன்று. கரையில் அவருக்குச் சிலையும் இருக்கிறது. உங்கள் நேரம் நன்றாக இருந்தால் துறைமுகத்துக்குப் போகிற பெரிய சரக்குக் கப்பல் ஒன்று ஊரின் கட்டடங்களைவிட உயரமாக, கை எட்டும் தூரத்தில் போவதுபோலக் கடந்து போகும். நாங்கள் ஐந்து பேரும் கையசைத்தோம். மேல்தளத்திலிருந்து யாரோ ஒருவர் பதிலுக்குக் கையசைத்தார்.