வானத்துக் கல்லா, உலைக் கல்லா?

தருமபுரியில் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மொட்டை மாடியில் ஒரு தொலைநோக்கி இருக்கிறது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு என் பதில்.

ஐயா, தக்காளி நட உழுதபோது கறுப்பா, கனமா ஒரு கல் கிடைச்சுது. காந்தம் ஒட்டுது. விண்கல்தானே? என்ன விலை போகும்? (பாலக்கோடு)

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உடைந்த பக்கம் முழுக்க ஆப்பம் மாதிரி ஓட்டை. விண்கல்லில் அப்படி ஓட்டை அநேகமாக இருக்காது. இது இரும்புக் கிட்டம். அந்தக் காலத்து உலையில் இரும்பை எடுத்துக்கொண்டு கழித்துப் போட்டது. நம் பக்கம் இரும்பு உருக்கியது நேற்று இன்றல்ல. பர்கூர் வட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள்.

காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள், மாக்னடைட் என்ற இரும்புத் தாதுக் கல்லும் ஒட்டும். புதிதாக விழுந்த விண்கல்லுக்கு மேலே களி அடிப்பிடித்தது போல மெல்லிய கருகல் தோல் இருக்கும். உள்ளே பெரும்பாலும் நிக்கல் கலந்த இரும்புப் பொட்டுகள் மின்னும். விலையை மறந்துவிட்டு, கிடைத்த இடத்தைக் குறித்து வைத்து, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.

நாங்க அறுக்கற கிரானைட்டை விடவா விண்கல் பழசு? (கிருஷ்ணகிரி, பாலிஷ் பட்டறை)

ஆமாம், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நம் மாவட்டப் பாறைகள் பலவற்றுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. 1969-இல் மெக்சிகோவில் அயெந்தே என்ற இடத்தில் விழுந்த விண்கல்லை அறுத்தால், கரும்சாம்பல் நிறத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் தெரியும். அந்தத் திட்டுகளுக்கு வயது சுமார் 456.7 கோடி. சூரியனைச் சுற்றியிருந்த வாயுவும் தூசியும் ஆறியபோது முதலில் திடமானவை இவைதான். பூமியும் கிட்டத்தட்ட அதே வயதுதான், ஆனால் தன் பழைய கல்லையெல்லாம் உருக்கி, மடித்து, திரும்ப வார்த்துவிட்டது. விண்கற்களின் தாய்வீடான சிறுகோள்கள் சின்ன உடம்புக்காரர்கள், சீக்கிரம் ஆறிப்போனதால் பழசு அப்படியே நின்றது. உங்கள் பட்டறை ரம்பம் மட்டும் அந்த வெள்ளைத் திட்டைத் தொட்டால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்!

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல இருந்த கோள் வெடிச்சுத்தான் சிறுகோள்கள் வந்ததுன்னு வீடியோவுல சொன்னாங்க சார். (அரூர், பிளஸ் டூ மாணவி)

நம்பாதே அம்மா. அங்கே இருக்கும் மொத்தத்தையும் சேர்த்துப் பிடித்தாலும் நம் நிலாவின் நிறையில் நூற்றுக்கு நாலு பங்குகூட வராது. அங்கே கோள் உடையவில்லை, உருவாகவே இல்லை. களி கிண்டும்போது கோலை நிறுத்தினால் மாவு கட்டி தட்டும், விடாமல் கிண்டினால் தட்டாது. அங்கே கிண்டுகிற கை வியாழனுடையது. அதன் ஈர்ப்பு அந்தக் கற்களை வேகமாக மோதவிட்டதால் ஒட்டுவதற்குப் பதில் உடைந்தன. நிறையப் பேரை வெளியே துரத்தியும் விட்டது.

இந்தக் கூட்டத்தில் நமக்கும் பங்குண்டு. 1861-இல் வானியலாளர் போக்சன் மதராஸிலிருந்து கண்டுபிடித்த சிறுகோளுக்கு ஏசியா என்று பெயர். திருப்பத்தூர் தாண்டி ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகத்தில் 1988-இல் ஆர். ராஜமோகன் கண்டுபிடித்ததற்கு ராமானுஜன்.

புளூட்டோவை ஏன் தள்ளி வைச்சாங்க? (ஓசூர்)

தன் பாதையில் தனியாக இல்லை, அதைப்போல் நிறையப் பேர் அங்கே சுற்றுகிறார்கள். 2006-லேயே முடிந்த பஞ்சாயத்து.

ஒகேனக்கல்ல கொட்டற தண்ணி வால்மீன்ல வந்ததாமே? (பென்னாகரம்)

கொஞ்சம் வந்திருக்கலாம். 2014-இல் ரோசெட்டா விண்கலம் 67பி வால்மீனின் நீராவியைச் சோதித்தது. அதில் கன ஹைட்ரஜன் (சாதாரண ஹைட்ரஜனைவிட எடை கூடிய வகை) நம் கடல்நீரில் இருப்பதைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. அதனால் அந்த மாதிரி வால்மீன் நம் கடலை நிரப்பியிருக்க வாய்ப்பு குறைவு. எல்லா வால்மீனும் அப்படியல்ல. என்றாலும் தண்ணீரைக் கொண்டுவந்தது யார் என்றால், என் ஊகம் சிறுகோள்கள்தான். 2023-இல் பென்னு என்ற சிறுகோளிலிருந்து பூமிக்கு வந்த 121.6 கிராம் மண்ணில், தண்ணீரில் ஊறி உருவான களிமண் கனிமங்கள் இருந்தன.

நட்சத்திரம் விழறதைப் பார்த்தா உடனே பச்சை மரத்தைப் பார்க்கணும்னு எங்க ஆயா சொல்லும். உண்மையா? (காரிமங்கலம்)

ராத்திரியில் பச்சை மரத்துக்கு எங்கே போவது? விழுவது நட்சத்திரம் இல்லை. பல சமயம் கேழ்வரகு மணி அளவுத் துணுக்குதான். டிசம்பர் 13, 14 இரவில் வருபவை ஃபேத்தான் என்ற சிறுகோள் உதிர்த்தவை, நொடிக்கு 35 கிலோமீட்டர் வேகம். ஆயாவையும் மாடிக்கு அழைத்துப் போங்கள். பத்து மணிக்கு மேல் நன்றாகத் தெரியும். பனி கொட்டும், கம்பளியை மறக்காதீர்கள்.