சுருட்டிய கொடி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மதங்களைப் பற்றிய உங்கள் கட்டுரை ஒன்றை அலுவலக நண்பர்களுக்கு அனுப்பினேன். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கச் சண்டை. ஒருவர், “மதம் இல்லையென்றால் பாதிப் போர்கள் நடந்தே இருக்காது. ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரைப் பாருங்கள்” என்றார். இன்னொருவர், “எல்லா மதமும் அமைதியைத்தான் சொல்கிறது. அந்தப் போரும் பதவிச் சண்டைதான், மதம் சும்மா சாக்கு” என்றார். எனக்கு இருவர் சொன்னதும் சரி என்றே பட்டது. மதம் போரை உண்டாக்குகிறதா, அமைதியைக் கொண்டுவருகிறதா? அந்தப் போர் எப்படித்தான் முடிந்தது? நம் நாட்டுக்கு அதில் எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

இருவரும் ஒரே போரைப் பிடித்துக்கொண்டது நல்லதாயிற்று. 1618 முதல் 1648 வரை ஜெர்மன் நாடுகளில் நடந்த அந்தப் போரில் இரண்டு கட்சிக்கும் வேண்டிய அளவு சான்று கிடைக்கும்.

பார்த்த மாத்திரத்தில் இரண்டாமவர் கை ஓங்கியதுபோல் இருக்கும். பொஹீமியாவின் (இன்றைய செக் நாடு) புராட்டஸ்டண்டுகள் கிளர்ந்தபோது, சாக்சனியின் சிற்றரசர், தானே புராட்டஸ்டண்டுகளில் ஒரு பிரிவான லூத்தரன் சபையைச் சேர்ந்தவர், 1620இல் ஜெர்மன் நாடுகளுக்கெல்லாம் மேலிருந்த கத்தோலிக்கப் பேரரசர் பக்கம் நின்று படை அனுப்பினார். கூலியாக லுசேஷியா நிலப்பகுதி அவரிடம் அடமானமாக வந்தது. கிளர்ச்சி தோற்றபின் 1621 ஜூன் 21 அன்று பிராகு நகரில் 27 பேருக்கு மரண தண்டனை நிறைவேறியது. அதில் ஒருவர் கத்தோலிக்கர். 1631 ஜனவரியில் பெர்வால்டு என்ற ஊரில் கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஒரு கார்டினலான ரிஷலியூ நடத்திய கத்தோலிக்க பிரான்ஸ், லூத்தரன் சுவீடனுக்கு ஆண்டுக்கு 4,00,000 தாலர் (அன்றைய வெள்ளி நாணயம்) கொடுக்கும். சுவீடன் அதற்கு 30,000 காலாட்படையையும் 6,000 குதிரைப்படையையும் ஜெர்மனியில் வைத்துப் பேரரசரோடு மோத வேண்டும். 1635இல் கத்தோலிக்க பிரான்ஸ் கத்தோலிக்க ஸ்பெயின் மீது போர் தொடுத்தது. 1643இல் லூத்தரன் சுவீடன் லூத்தரன் டென்மார்க்குக்குள் புகுந்தது.

சிப்பாய்களும் அப்படித்தான். பீட்டர் ஹாகென்டோர்ஃப் என்ற கூலிப்படை வீரரின் நாட்குறிப்பு கிடைத்திருக்கிறது. 1631 மே மாதம் கத்தோலிக்கப் படை மாக்டபுர்க் நகரை எரித்து, சுமார் 20,000 பேர் மாண்ட அந்த நாளில் அவர் தாக்கிய பக்கம் நின்று குண்டடி பட்டவர். இரண்டு ஆண்டு கழித்துப் பிடிபட்டதும் சுவீடன் படையில் சேர்ந்துகொண்டார். மறு ஆண்டு நார்ட்லிங்கனில் சுவீடன் தோற்றதும் பழைய ரெஜிமெண்டுக்கே திரும்பினார். கைதியைச் சுடுவதைவிடச் சேர்த்துக்கொள்வது படைக்கு லாபம். ஞானஸ்நானம் எந்தக் கோயிலில் என்று யாரும் கேட்கவில்லை.

ஆக, மதம் சாக்குதான் என்று முடித்துவிடலாமா? முடித்தால் டோனாவூர்த் விளங்காது.

டோனாவூர்த் டான்யூப் கரையில் ஒரு சின்னஞ்சிறு தன்னாட்சி நகரம். பெரும்பாலோர் லூத்தரன் சபையார். ஊருக்குள் ஒரு பெனடிக்டைன் மடம், அதைச் சுற்றிக் கொஞ்சம் கத்தோலிக்கக் குடும்பங்கள். மடத்துத் துறவிகள் பவனி போகலாம், ஆனால் நகருக்குள் கொடியைச் சுருட்டிப் பிடித்தபடிதான் போக வேண்டும் என்பது ஏற்பாடு. ஊர்வலம் எந்தத் தெருவழியே, மேளம் எந்த வாசலில் நிற்கும் என்று தாசில்தார் முன்னால் உட்கார்ந்து பேசிய ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1606 ஏப்ரல் 25, புனித மாற்கு திருநாள். துறவிகள் கொடியை விரித்துக்கொண்டு போனார்கள். கூட்டம் பாய்ந்து கொடிகளைப் பிடுங்கியது. பேரரசர் ரூடால்ஃப் நகரத்தைச் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே தள்ளும் தடை ஆணை பிறப்பித்தார். ஆணையை நிறைவேற்றும் பொறுப்பு பக்கத்திலிருந்த பவேரியாவின் கத்தோலிக்கச் சிற்றரசர் மாக்சிமிலியனுக்குப் போயிற்று. அவர் 1607 டிசம்பரில் படையோடு நுழைந்தார். படைச்செலவை நகரத்தின் கணக்கில் எழுதினார். நகரத்தால் கட்ட முடியவில்லை; ஊரை வைத்துக்கொண்டார். 1608 மே மாதம் புராட்டஸ்டண்டு சிற்றரசர்கள் கூடித் தங்களுக்குள் ஒரு படைக்கூட்டணி அமைத்தார்கள். 1609இல் கத்தோலிக்கர்களின் எதிர்க்கூட்டணி வந்தது.

இதில் மதம் செய்த வேலை என்ன? கொடியைச் சுருட்டுவது என்பது தீர்வுதான், இரண்டு பக்கமும் அரை மனதோடு ஒத்துக்கொண்டது. பவேரியாவின் நில ஆசை மத ஆசை அல்ல. முறையிட நீதிமன்றமும் இல்லை: பேரரசின் உயர்நீதிமன்றத் தீர்ப்புகளை மறுபரிசீலனை செய்யும் குழுவில் 1588இல் மாக்டபுர்க்கின் முறை வந்தது. அங்கே ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் லூத்தரன் என்பதால் அவருக்கு இருக்கை தருவதா என்ற தகராறில் குழு கூடுவதே நின்றுபோனது. இவ்வளவும் இருந்தும், ஒரு சிற்றூர்த் தெருச்சண்டை அந்த ஊரோடு முடிந்திருக்க வேண்டும். நூறு மைலுக்கு அப்பால் இருந்தவனும் அதைத் தன் வீட்டுச் சண்டையாக எண்ணியது மதத்தால்தான். விட்டுக்கொடுப்பவன் துரோகி ஆனதும் அதனால்தான். வரிச்சண்டையில் பாதிக்குப் பாதி பேசலாம். கொடியைப் பாதி விரிக்க முடியாது.

பொஹீமியாவிலும் இதே கதை. 1609இல் அரசர் தந்த சாசனம் அரச நிலங்களில் புராட்டஸ்டண்டுகள் கோயில் கட்டலாம் என்றது. திருச்சபை நிலம் அரச நிலத்தில் சேருமா? சேரும் என்றார்கள் ப்ரௌமோவ், ஹ்ரோப் என்ற இரண்டு ஊர்க்காரர்கள். சேராது என்றார்கள் நிலத்துக்கு உரிய மடாதிபதியும் பேராயரும். ஒரு கோயில் பூட்டப்பட்டது, மற்றொன்று இடிக்கப்பட்டது. 1618 மே 23 அன்று பிராகு கோட்டை ஜன்னல் வழியே இரண்டு அதிகாரிகளையும் ஒரு எழுத்தரையும் தூக்கி எறிந்தது அந்த ஒரு சொல்லின் பொருளுக்காக. மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். பிழைக்காதவர்களின் கணக்கு பின்னால் வந்தது: ஜெர்மன் நாடுகளின் மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை அழிந்ததாக வெவ்வேறு மதிப்பீடுகள் உண்டு. வாளைவிடக் கொள்ளைநோயும் பட்டினியும் கொன்றதே அதிகம்.

எப்படி முடிந்தது என்று கேட்டீர்கள். எனக்கு இந்தப் போரில் ஆகப் பிடித்த பகுதி அதுதான், ஏனென்றால் அதில் உபதேசமே கிடையாது.

1648 அக்டோபர் 24 அன்று கையெழுத்தான வெஸ்ட்பாலியா உடன்படிக்கையில் எழுதியிருக்கும் தேதியே 14/24. கிரெகோரியன் நாட்காட்டியைக் கத்தோலிக்கர் ஏற்றிருந்தார்கள், ஜெர்மன் புராட்டஸ்டண்டுகள் 1700 வரை ஏற்கவில்லை. இரண்டையும் எழுதிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். உள்ளே இருக்கும் முக்கியக் கருவி ஒரு தேதி. திருச்சபைச் சொத்து ஒவ்வொன்றும் 1624 ஜனவரி 1 அன்று யார் கையில் இருந்ததோ அவரிடமே திரும்பும். புராட்டஸ்டண்டுகள் 1618 கேட்டார்கள், கத்தோலிக்கர் 1630 கேட்டார்கள். பேரம் இடையில் வந்து நின்றது. சொத்துக்கு நாள், வழிபாட்டுக்கு ஆண்டு: 1624இன் எந்தப் பகுதியிலாவது ஓர் ஊரில் ஒரு சபையார் வழிபட்டிருந்தால் அந்த உரிமை நிலைக்கும். சொத்து முதலில் யாருடையது, யார் பறித்தது என்ற கேள்வியை உடன்படிக்கை தொடவில்லை. 1629இல் பேரரசர் ஃபெர்டினாண்டு அதைத்தான் தொட்டார். 1552க்குப் பிறகு கைமாறிய திருச்சபைச் சொத்து எல்லாவற்றையும் திருப்பித் தரச் சொன்னார். 77 ஆண்டுப் பழைய கணக்கு! முடியும் நிலையில் இருந்த போர் இன்னும் 19 ஆண்டு நீண்டதற்கு அந்த ஆணை பெரிய காரணம்.

வழிபாட்டை மூன்று படியாகப் பிரித்தார்கள். மணியடித்துப் பொதுவில் நடத்துவது, மணியில்லாமல் தனிச் சிற்றாலயத்தில் நடத்துவது, வீட்டுக்குள் குடும்பத்தோடு செபிப்பது. 1624இல் எந்த உரிமையும் இல்லாதவருக்கும் மூன்றாவது படி உண்டு. எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டுக் கோயிலுக்குப் போய்வரலாம். மதத்தைக் காட்டி வணிக, கைத்தொழில் குழுக்களிலிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ ஒதுக்கக் கூடாது, பொதுக் கல்லறையில் இடம் மறுக்கக் கூடாது என்று தனியாக எழுதினார்கள். ஆள்பவர் நாட்டை விட்டுப் போகச் சொன்னால், ஏற்கெனவே அந்தச் சபையில் இருந்தவருக்கு ஐந்து ஆண்டு அவகாசம். பின்னால் மாறியவருக்கு மூன்று ஆண்டு. பேரரசின் மன்றத்தில் மத விஷயம் வந்தால் பெரும்பான்மை ஓட்டு செல்லாது: இரு தரப்பும் தனித்தனியே கூடிப் பேசி, பிறகு ஒத்துவர வேண்டும். கத்தோலிக்கர் எண்ணிக்கையில் அதிகம் என்பதால் புராட்டஸ்டண்டுகளுக்கு உயிர்நாடி இந்த விதிதான்.

சில ஏற்பாடுகளைப் படித்தால் சிரிப்பு வரும். ஆஸ்னாப்ரூக் என்ற ஜெர்மன் ஊரில் ஒருமுறை கத்தோலிக்க ஆயர், மறுமுறை லூத்தரன் இளவரசர் என்று மாற்றி மாற்றி ஆயர் பதவி. 1764இல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜின் மகன் அந்த ஊர் ஆயரானார். வயது ஆறு மாதம்! இன்று பெரும்பகுதி போலந்தில் இருக்கும் சைலீசியா அப்போது பேரரசரின் சொந்த நாடு. அங்கே அவர் புராட்டஸ்டண்டுகளுக்கு மூன்றே மூன்று கோயில்களை அனுமதித்தார்: மரம், களிமண், வைக்கோல் மட்டும், கோபுரமும் மணியும் கூடாது, மதிலுக்கு வெளியே, ஓர் ஆண்டுக்குள் கட்டி முடிக்க வேண்டும். இருந்தும் ஷ்விட்னிட்சாவில் கட்டியது 7,500 பேரைக் கொள்ளும். அதுவும் யாவோரில் உள்ளதும் இன்றும் நிற்கின்றன.

ஓட்டைகளும் இருந்தன. கத்தோலிக்கர், லூத்தரன், புராட்டஸ்டண்டுகளின் இன்னொரு பிரிவான கால்வின் வழியினர் தவிர வேறு எவருக்கும் அதில் இடமில்லை. பேரரசரின் சொந்த நாடுகளுக்கு 1624 விதி பொருந்தாது, சைலீசியச் சலுகை நீங்கலாக. 1731இல் சால்ஸ்பர்க் பேராயர் சுமார் 20,000 புராட்டஸ்டண்டுகளைத் துரத்தியபோது மூன்று ஆண்டு அவகாசத்தைத் தரவில்லை. அவர்கள் மதம் மாறியவர்கள் அல்ல, கலகக்காரர்கள் என்று வகை மாற்றி எழுதினார். நிலமில்லாதவர்களுக்கு எட்டே நாள். விதி தாங்கிய இடமும் உண்டு. 1697இல் சாக்சனியின் ஆட்சியாளர் போலந்து மகுடத்துக்காகக் கத்தோலிக்கரானார். பழைய காலமாக இருந்தால், ஆள்பவரின் மதமே நாட்டின் மதம் என்ற விதிப்படி நாடே மாற வேண்டும். சாக்சனி லூத்தரனாகவே இருந்தது.

இதில் மத குருமார்களின் பங்கைப் பற்றி ஒரு வார்த்தை. போப்பின் தூதர் ஃபாபியோ கிகி மூன்ஸ்டர் நகரில் பிரான்சுக்கும் பேரரசருக்கும் நடுவராக இருந்தார், நன்றாகவும் செய்தார். அது கத்தோலிக்கருக்குள் நடந்த வழக்கு. புராட்டஸ்டண்டுகளோடு ஒரே அறையில் உட்கார மறுத்தார். அந்தப் பேச்சு சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி ஆஸ்னாப்ரூக்கில் நடுவர் இல்லாமலே நடந்தது. போப் பத்தாம் இன்னொசென்ட் உடன்படிக்கையின் மத விதிகள் செல்லாது என்று அறிவித்தார். அப்படி வரும் என்று தெரிந்து, எந்த எதிர்ப்பும் இதைக் கட்டுப்படுத்தாது என்று முன்கூட்டியே ஒரு பிரிவை எழுதிவைத்திருந்தார்கள்.

ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கை இதோடு வைத்துப் பாருங்கள். அங்கே நடந்த உள்நாட்டுப் போர் 1992 அக்டோபர் 4 அன்று முடிந்தது ரோமில், சாந்த் எஜிடியோ என்ற கத்தோலிக்கக் குழுவின் கூரைக்குக் கீழே. 1990 ஜூலையில் தொடங்கி 27 மாதப் பேச்சு. நடுவர் நால்வரில் இருவர் அந்தக் குழுவினர், ஒருவர் பெய்ராவின் பேராயர், ஒருவர் இத்தாலிய அரசின் பிரதிநிதி. ஃப்ரெலிமோ கட்சியின் அரசுக்கும் ரெனாமோ என்ற கிளர்ச்சிப் படைக்கும் இருந்த சண்டை மதத்தைப் பற்றியது அல்ல. குருமார்களுக்கு அதில் இழக்க நிலம் இல்லை, படை இல்லை. காத்திருக்கப் பொறுமையும் இரு தரப்பிலும் பேசக்கூடிய பழக்கமும் இருந்தன. மதத்தவர் நல்ல நடுவர்களாவது பெரும்பாலும் தாங்கள் கட்சிக்காரராக இல்லாத வழக்கில்தான். உங்கள் இரண்டாம் நண்பர் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

நம் நாட்டில் 1624க்கு நேரான தேதி 1947 ஆகஸ்ட் 15. 1991ஆம் ஆண்டின் வழிபாட்டுத் தலங்கள் சட்டம், அந்த நாளில் ஒரு தலத்துக்கு என்ன மதத்தன்மை இருந்ததோ அதுவே தொடரும் என்கிறது. அயோத்தியை வெளியே விட்டது. கருவி அதே கருவி. வேறுபாடு ஒரு சொல்லில். வெஸ்ட்பாலியா கேட்டது வசம்: அன்று சாவி யாரிடம்? சாட்சியும் கணக்கேடும் பதில் சொல்லிவிடும். நம் சட்டம் கேட்பது தன்மை. தன்மை என்றவுடன், அன்று அதன் தன்மை உண்மையில் என்ன என்று கண்டறிவதைச் சட்டம் தடுக்கவில்லையே என்ற வாதம் நுழைகிறது, சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தொல்லியல் துறை வருகிறது. வாராணசி ஞானவாபியில் 2023இல் நடந்த ஆய்வு அப்படி வந்ததுதான். இத்தகைய புதிய வழக்குகளைப் பதிவு செய்யவும் நிலுவை வழக்குகளில் ஆய்வுக்கு உத்தரவிடவும் கூடாது என்று 2024 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் கீழ் நீதிமன்றங்களுக்குத் தடை விதித்தது. அது இடைக்கால உத்தரவு. ‘தன்மை’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை அந்த உத்தரவு தீர்க்கவில்லை.