டோபமைனை அளக்கும் வேலைக்கு எந்தப் படிப்பு?

கேள்வி: மகள் பிளஸ் டூவில் கணிதம், உயிரியல் இரண்டும் உள்ள பிரிவு. மூளையில் சுரக்கும் ரசாயனங்களின் அளவைக் கருவியே கண்காணித்து, கருவியே சரிசெய்யும் துறைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அதற்கு எம்.பி.பி.எஸ்.தானே படிக்க வேண்டும்? நீட்டுக்கு இன்னொரு வருடம் உட்கார வைக்கலாமா? இதில் வேலை கிடைக்குமா?

பதில்: இந்தத் துறைக்காக மட்டும் என்றால், நீட்டுக்காக ஒரு வருடத்தைச் செலவழிக்க வேண்டாம். மூளைக்குள் மின்முனையை வைப்பவர் அறுவைச் சிகிச்சை மருத்துவர். அந்த மின்முனையைச் செய்பவர், அதில் வரும் நானோ ஆம்பியர் மின்னோட்டத்தை அளப்பவர், அளவைப் பார்த்து எவ்வளவு தூண்ட வேண்டும் என்று முடிவெடுக்கும் சுற்றை அமைப்பவர் எல்லாரும் பெரும்பாலும் வேதியியலும் மின்னணுவியலும் படித்தவர்கள். மருத்துவர் வழியில் போனால் எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், அதன்மேல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைக்கு இன்னும் ஆறு வருடம். அவளுக்கு நோயாளிகளைப் பார்க்கும் ஆசை இருந்தால் அது வேறு பேச்சு.

வேலையைப் பற்றிக் கேட்பதற்கு முன், துறை எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1987இல் பிரான்சின் கிரெனோபிளில் அலிம் லூயி பெனாபிட் தொடங்கிவைத்த ஆழ்மூளைத் தூண்டல் (மூளைக்குள் வைத்த மின்முனை வழியே மின்துடிப்பு தருவது), பார்கின்சன் நோய்க்கு இன்று வழக்கமான சிகிச்சை. நோயாளியின் நிலைக்கேற்பத் தூண்டலைத் தானே கூட்டிக் குறைக்கும் வகைக்கு 2025 பிப்ரவரியில் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. ஆனால் அது பார்ப்பது மூளையின் மின் அலைகளை. பார்கின்சனில் குறைந்துபோகும் மூளை ரசாயனமான டோபமைனை அது அளப்பதில்லை. பார்கின்சன் மருந்தைத் தோலுக்கடியில் 24 மணி நேரமும் செலுத்தும் பம்பும் 2024 அக்டோபரில் ஒப்புதல் பெற்றது. அதுவும் மருத்துவர் வைத்த வேகத்தில் ஓடுவதுதான். ரசாயன அளவைப் பார்த்துத் தூண்டலை மாற்றும் முழு வளையம், அமெரிக்காவின் மேயோ கிளினிக் போன்ற இடங்களில் எலிகளில் செய்து காட்டப்பட்டிருக்கிறது. மனிதர்களில் அறுவைச் சிகிச்சை நடக்கும் நேரத்தில் சற்று நேரம் அளந்து பார்க்கிறார்கள், அவ்வளவுதான். ஆக, உங்கள் மகள் சேர நினைப்பது ஆய்வுத் துறை. நாளிதழில் வரும் படத்தைப் பார்த்து, வாங்கத் தயாராக உள்ள கருவி என்று எண்ணிவிடக் கூடாது.

இதை அவளும் தெரிந்துகொள்ள வேண்டும். அதைவிட முக்கியமாக, அன்றாட வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். 7 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள கார்பன் இழை ஒன்றை (தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு) காற்றை உறிஞ்சி மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் இழுத்து, குழாயைச் சூடாக்கி நீட்டி, நுண்ணோக்கியின் கீழ் இழையை 100 மைக்ரோமீட்டர் அளவுக்கு வெட்ட வேண்டும். கண்ணாடியும் இழையும் சேரும் இடத்தில் இடைவெளி இருந்தால் அந்த மின்முனை இரைச்சலைத் தவிர வேறெதையும் தராது. தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததைச் செய்ய வேண்டியதுதான். கை நடுக்கமும் அவசரமும் உள்ளவர்களுக்கு இந்தக் கட்டமே போதும்.

பிறகு அந்த இழையில் −0.4 வோல்ட்டிலிருந்து +1.3 வோல்ட்டுக்குப் போய்த் திரும்பும் மின்னழுத்தத்தை, நொடிக்கு 400 வோல்ட் வேகத்தில் தருவார்கள். போக வர 3.4 வோல்ட், 8.5 மில்லிநொடியில் முடிந்துவிடும். நொடிக்குப் பத்து முறை இது நடக்கும். மீதி நேரம் −0.4 வோல்ட்டில் நிற்பதால் நேர்மின் சுமையுள்ள டோபமைன் இழையில் வந்து ஒட்டும். ஏறும்போது +0.6 வோல்ட் அருகே அது எலக்ட்ரானை இழக்கும், இறங்கும்போது −0.2 அருகே திரும்பப் பெறும். இந்த இரண்டு உச்சங்களும்தான் டோபமைனின் கைரேகை.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பிளஸ் டூ இயற்பியலில் மின்தேக்கிப் பாடம் படித்திருப்பாள்: மின்னழுத்தம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு மின்னோட்டம். நொடிக்கு 400 வோல்ட் வேகத்தில் இழையின் மேற்பரப்பே மின்தேக்கியாகி, நூற்றுக்கணக்கான நானோ ஆம்பியர் பின்னணி மின்னோட்டத்தைத் தரும். டோபமைன் தருவது சில நானோ ஆம்பியர். ஆகவே முந்தைய நொடிகளின் பின்னணியைக் கழித்துத்தான் பார்க்க முடியும். அப்படிக் கழித்தால் கிடைப்பது மாற்றம் மட்டுமே. அடிப்படை அளவு என்ன என்று தெரியாது. அந்தப் பின்னணியும் ஓரிரு நிமிடங்களில் நகர்ந்துவிடும். நாள் முழுக்க அளவைக் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டிய கருவிக்கு இதைவிடப் பெரிய தடை கிடையாது. கழித்தல் இல்லாமல் பத்து நொடிக்கு ஒருமுறை அடிப்படை அளவையே எடுக்கும் புது முறைகள் இதற்காகவே வந்தன.

மற்ற தொல்லைகளும் உண்டு. ஒப்பீட்டுக்கு வைக்கும் வெள்ளி மின்முனையின் குளோரைடு பூச்சு திசுவுக்குள் கரையக் கரைய, உச்சம் இடம் மாறும். மென்பொருள் அதை வேறு பொருள் என்று படிக்கும். ரத்த ஓட்டம் கூடி அமிலத்தன்மை சற்று மாறினாலும் சிக்னல் அசையும். இன்னொரு மூளை ரசாயனமான செரடோனின் ஆக்சிஜனேற்றம் அடைந்ததும் இழையிலேயே படிந்து அதை மந்தமாக்கும். அதற்கு நொடிக்கு 1000 வோல்ட் வேகத்தில் தனி அலைவடிவம் வைத்திருக்கிறார்கள். குளூட்டமேட் என்ற மூளை ரசாயனம் தானாக எலக்ட்ரானைத் தராது, நொதி பூசித்தான் அளக்க வேண்டும், அந்த நொதியும் நாளாக ஆக வலுவிழக்கும். நொடிக்கு 130 முறை தூண்டும் மின்துடிப்பும் அளவீட்டில் புகுந்து கெடுக்கும் என்பதால், அளக்கும் அந்த 8.5 மில்லிநொடியில் தூண்டலை நிறுத்திவைக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும், டோபமைன் குறைந்துவிட்டது என்று நம்பி வளையம் தூண்டலைக் கூட்டிக்கொண்டே போகும். மனிதர்களிடம் கொண்டுவர ஏன் தயங்குகிறார்கள் என்று இப்போது புரியும்.

ஏ.ஐ. இதைச் சரிசெய்துவிடும் என்று மகள் சொல்லலாம். ஒரு மின்முனையின் தரவில் பயிற்சி பெற்ற ஏ.ஐ. மென்பொருள், அடுத்த மின்முனையில், அடுத்த எலியில் தடுமாறும் என்பதைச் சொல்லிவையுங்கள்.

இனி படிப்பு. நியூரோ, ஏ.ஐ. என்று பெயர் சூட்டிப் புதிதாகத் தொடங்கும் பட்டங்களுக்குப் பின்னால் ஓட வேண்டாம். பொறியியல் என்றால் இ.சி.இ. அல்லது எலக்ட்ரானிக்ஸ் அண்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன். அனலாக் சுற்று நன்றாக வந்தால் இந்தத் துறை கைகொடுக்காவிட்டாலும் வேறு துறை கைகொடுக்கும். பயோமெடிக்கலும் பொருந்தும், ஆனால் பல கல்லூரிகளில் அதன் முடிவு மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கும் வேலை. மதிப்பான வேலைதான், மகள் கேட்பது அதுவல்ல. வேதியியலில் மனம் இருந்தால் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அண்ணா பல்கலைக்கழக இணைப்பில் பி.டெக். நடத்துகிறது. அங்கே பேட்டரியும் அரிமானமும் (உலோகம் துருப்பிடித்தல்)தான் பெரிய வேலை, ஆனால் மின்முனையின் அடிப்படை ஒன்றே. பி.எஸ்சி. வேதியியல் படித்து, ஐ.ஐ.டி. ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி. போவதும் நேர்வழி, அதற்குக் கணிதத்தை விடாமல் படிக்க வேண்டும்.

அடுத்து, பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வு. 2020 முதல் பயோமெடிக்கலுக்கும் தனித் தாள் இருக்கிறது. பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், சென்னை ஐ.ஐ.டி. ஆகிய இடங்களின் ஆய்வுக் குழுக்களை இப்போதே பார்த்துவைக்கட்டும். முனைவர் பட்டம் வரை பத்து வருடம் ஆகும் என்று கணக்கு வையுங்கள். ஆய்வு மாணவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வாடகைப்படி தனி. பெரிய கல்விக்கடன் வாங்கிவிட்டு இந்தத் தொகையில் தவணை கட்டுவது கடினம், எனவே பட்டப்படிப்புக்கு அரசுக் கல்லூரி அல்லது குறைந்த கட்டணக் கல்லூரியையே முதலில் எழுதுங்கள். நடுவில் விலக நேர்ந்தால் சர்க்கரை அளக்கும் சென்சார், நீர்த்தர சென்சார், மருத்துவக் கருவிக்கான மின்சுற்று என்று இதே கைத்திறனுக்கு வாசல்கள் உண்டு. சர்க்கரை சென்சார்கூட நொதி பூசிய மின்முனைதான்.

இன்னொன்று, பலர் தாமதமாக உணர்வது: எலிக்கு மயக்கம் கொடுத்து மண்டையோட்டில் துளையிடுவது இந்த ஆய்வின் அன்றாடப் பகுதி. விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியோடுதான் நடக்கும் என்றாலும் எல்லோராலும் முடியாது. மகளிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். மனம் ஒப்பாவிட்டால் மின்சுற்று, மென்பொருள் பக்கம் இடமிருக்கிறது.

விடுமுறையில் பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் துணையோடு ஒரு சோதனை செய்து பார்க்கட்டும். 0.5 மி.மீ. பென்சில் லெட் இரண்டு. ஒன்று அளக்கும் முனை, மற்றது துணை முனை. வீட்டு பிளீச்சிங் திரவத்தில் அரை மணி நேரம் ஊறிய வெள்ளிக் கம்பி ஒப்பீட்டு முனை. ஒரு லிட்டர் நீரில் 6 கிராம் உப்பு, 500 மி.கி. பாராசிட்டமால் மாத்திரை ஒன்று; பாராசிட்டமாலின் செறிவு 3.3 மில்லிமோலார். ஒரு ஆப்-ஆம்ப் ஐ.சி. (சிக்னலைப் பெருக்கும் சில்லு), ஓர் ஆர்டுயினோ (சிறு கணினிப் பலகை) கொண்டு 0 முதல் +0.9 வோல்ட் வரை மெதுவாக ஏற்றி இறக்கினால் மின்னோட்ட வரைபடத்தில் மேடு ஒன்று எழும். கரைசலைப் பாதியாக நீர்க்கச் செய்தால் மேடும் ஏறக்குறையப் பாதியாக வேண்டும். ஆகாவிட்டால் ஏன் என்று தேடுகிறாளா, வேறு வேலைக்குப் போய்விடுகிறாளா என்று கவனியுங்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது வேலைவாய்ப்புப் பலகையை விட்டுவிட்டு ஆய்வகத்துக்குப் போங்கள். மின்முனைக்கு மின்னழுத்தம் தந்து மின்னோட்டத்தை அளக்கும் பொட்டென்ஷியோஸ்டாட் கருவி இருக்கிறதா, இளநிலை மாணவர்கள் அதைத் தொட அனுமதி உண்டா, கடைசியாக எந்த மாதம் அதை ஓட்டினார்கள் என்று கேளுங்கள்.