பெரிய வண்டி என்றால் உள்ளேயும் பெரிதா?

கேள்வி: வீட்டில் ஏழு பேர். அப்பா, அம்மா, நான், மனைவி, பிள்ளைகள் மூன்று பேர் (14, 11, 6 வயது). மனைவியின் ஊர் ஏற்காடு, மாதம் ஒருமுறையாவது மேலே போவோம், இறங்கும்போது காபிக்கொட்டை, மிளகு, பலாப்பழம் என்று மாமனார் ஏதாவது ஏற்றி அனுப்பாமல் விடமாட்டார். இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட் எடுக்கலாம் என்று நான் நினைக்கிறேன். "அந்தக் காசுக்கு மேல கொஞ்சம் போட்டு ஃபார்ச்சூனர் எடுங்க மாமா, இடம் தாராளமா இருக்கும்" என்கிறார் மச்சான். அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. எதில் இடம் அதிகம்?
- ஒரு வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: ரோட்டில் நிற்கும்போது ஃபார்ச்சூனர்தான் பெரிது, அதில் உங்கள் மச்சானோடு எனக்குச் சண்டை இல்லை. நீளம் 4,795 மி.மீ., ஹைகிராஸ் 4,755. ஆனால் இந்த வித்தியாசம் இரண்டு விரல்கடைதான். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பாருங்கள், வீல்பேஸ் என்பார்களே, அது ஹைகிராஸில் 2,850, ஃபார்ச்சூனரில் 2,745. அதாவது கிட்டத்தட்ட அரைச் சாண் ஹைகிராஸில் கூடுதல், ஆட்கள் கால் நீட்டுவதற்கு உதவும் நீளம் பெரும்பாலும் இதுதான்.

ஃபார்ச்சூனர் லாரி மாதிரி கட்டப்பட்ட வண்டி. கீழே கனமான இரும்புச் சட்டம், அதன் மேல் பாடி. எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும், அதற்கு நீளமான பானட் வேண்டும். சட்டத்துக்கு மேலேதான் தரை என்பதால் உயரம் 1,835 மி.மீ. இருந்தாலும் அதில் ஒரு பங்கு உங்கள் காலுக்குக் கீழேயே போய்விடுகிறது. ஹைகிராஸில் சட்டம் தனியாகக் கிடையாது, எஞ்சின் குறுக்குவாட்டில் இருக்கிறது, முன்சக்கரம்தான் இழுக்கிறது, ஆகவே எஞ்சின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டும் இல்லை. தரை தாழ்வாக, சமமாக அமைகிறது. ஹைபிரிட் என்றால் பெட்ரோல் எஞ்சினோடு பேட்டரியில் ஓடும் மோட்டாரும் உண்டே, அந்தப் பேட்டரி எங்கே என்று கேட்பீர்கள், அதை முன் சீட்டுகளுக்கு அடியில் வைத்துவிட்டார்கள், டிக்கியில் கை வைக்கவில்லை.

இது உறைப்பது மூன்றாவது வரிசையில்தான். ஃபார்ச்சூனரில் தரை உயரம், சீட் அதற்கு ஒட்டினாற்போல் தாழ்வு, பெரியவர் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சை நோக்கி வரும், தொடைக்கு அடியில் தாங்கல் இருக்காது. சேலத்துக்குள்ளேயே ஐந்து ரோட்டிலிருந்து ஜங்ஷன் வரை போவதென்றால் யாரும் பொறுத்துக்கொள்வார்கள். ஏற்காடு மலையில் 20 கொண்டை ஊசி வளைவு, கடைசி வரிசையோ பின் அச்சுக்கு மேலேயே இருக்கிறது, ஆட்டம் முழுதும் அங்கேதான். உங்கள் 11 வயதுக்காரர் பன்னிரண்டாவது வளைவிலேயே எலுமிச்சம்பழம் கேட்பார். ஹைகிராஸிலும் கேட்கலாம், ஆனால் அங்கே கால் தொங்கப்போட்டு உட்காரலாம்.

இப்போது நிறைய பேர் கோட்டைவிடும் இடம். ஹைகிராஸில் ஏழு சீட், எட்டு சீட் என்று இரண்டு உண்டு. ஏழு சீட்டில் நடு வரிசையில் தனித்தனியாக இரண்டு கேப்டன் சீட், ஆக ஏழு பேர் போனால் பின்னால் மூன்று பேர் நெருக்கி உட்கார வேண்டும். எட்டு சீட்டில் நடுவில் பெஞ்ச், மூவர் அங்கே, இருவர் பின்னால். உங்கள் வீட்டில் எப்போதும் ஏழு பேரும் கிளம்புவீர்கள் என்றால் கேப்டன் சீட்டின் பளபளப்பில் மயங்காதீர்கள், எட்டு சீட் எடுங்கள். ஏழு பேராகப் போவது எப்போதாவதுதான் என்றால் கேப்டன் சீட் சுகம், அம்மாவுக்கும் அது நல்லது, நடுவில் இருக்கும் வழியாகப் பிள்ளைகள் பின்னால் நுழைந்துவிடுவார்கள், அவரை எழுப்ப வேண்டியதில்லை.

அம்மாவின் முழங்காலுக்கு வருவோம். ஃபார்ச்சூனரில் படியில் ஒரு கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்து, உடம்பைத் தூக்கி ஏற வேண்டும். ஏறுவதை விட இறங்குவது கொடுமை என்பது மூட்டு வலி உள்ளவர்களைக் கேட்டால் தெரியும். எனக்கு இந்த ஒரு காரணமே போதும், ஹைகிராஸ் என்று முடித்துவிடுவேன்.

டிக்கி? கடைசி வரிசை நிமிர்ந்திருக்கும்போது ஹைகிராஸில் 300 லிட்டர், மடக்கினால் 991. ஏழு பேரும் இருந்தால் இரண்டு மூன்று நடுத்தரப் பெட்டிகள் நிற்கும், பலாப்பழம் யார் மடியிலாவதுதான் வரும். ஃபார்ச்சூனரிலும் ஏழு பேரோடு அதே கதைதான். மடக்கும்போது அதன் கடைசி சீட்டுகள் தரைக்குள் போவதில்லை, இரண்டு பக்கமும் தூக்கி மாட்டிவைக்க வேண்டும், மூட்டை அடுக்கும் அகலத்தை அவை தின்றுவிடும்.

மச்சான் ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. மாமனார் தோட்டத்துக்குப் போகும் கடைசி கிலோமீட்டர் மண்பாதையா, மழைக்காலத்தில் சேறா? அப்படியென்றால் பின்னால் ஆளும் மூட்டையும் அழுத்த, முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி ஈர மேட்டில் வழுக்கும். ஃபார்ச்சூனரில் நான்கு சக்கரமும் இழுக்கும் 4x4 மாடல் ஏறிவிடும். தார் ரோடுதான் என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

வாங்கும் முன் ஷோரூமுக்கு ஏழு பேரும் போங்கள், வீட்டிலிருந்து இரண்டு பெட்டியும் கொண்டுபோங்கள். வெட்கப்படாதீர்கள். நான் ஒருமுறை வண்டி பார்க்கப் போனபோது விற்பனைப் பையன் கடைசி வரிசையை முன்கூட்டியே மடக்கிவைத்துவிட்டு "டிக்கி பாருங்க சார், ஹால் மாதிரி" என்றான். சீட்டை நிமிர்த்தச் சொன்னேன். ஹால் அலமாரி ஆனது.

கேள்வி: பட்டுச் சேலை வியாபாரம். மாதம் நாலைந்து முறை சென்னைக்கு பண்டல்களோடு போகிறேன். கிராண்ட் விட்டாராவில் ஹைபிரிட் நல்ல மைலேஜ் என்கிறார்கள், ஆனால் டிக்கி சின்னது என்று ஒரு நண்பர் பயமுறுத்துகிறார். உண்மையா?
- ஒரு வாசகர், அம்மாபேட்டை

பதில்: உண்மை. இதில் பெரிய பேட்டரி டிக்கித் தரைக்குக் கீழே இருக்கிறது, தரை மேலே ஏறிவிட்டது. சாதா பெட்ரோலில் 373 லிட்டர், ஹைபிரிட்டில் 265. ஹோண்டா சிட்டியிலும் இதே வேலை நடந்தது, 506 லிட்டர் 306 ஆனது. ஹைபிரிட் என்றாலே டிக்கி போச்சு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், மேலே சொன்ன ஹைகிராஸ் அப்படியில்லை, பேட்டரியை எங்கே வைத்தார்கள் என்பதுதான் கேள்வி. இன்னொன்று, "ஸ்மார்ட் ஹைபிரிட்" என்று பெயர் போட்ட சாதா பெட்ரோலும் உண்டு, அதில் பேட்டரி சின்னது, டிக்கியைத் தொடாது, மைலேஜும் அந்த அளவுக்கு வராது.

உங்கள் ஓட்டம் முழுக்க நெடுஞ்சாலை. ஹைபிரிட் காசைத் திருப்பித் தருவது நின்று நின்று போகும் டவுன் டிராஃபிக்கில்தான், உளுந்தூர்பேட்டை வழியாக ஒரே வேகத்தில் போகிறவருக்கு அந்த லாபம் குறைந்துவிடும். பண்டலும் இருக்கிறது. பெட்ரோலே எடுங்கள்.

கேள்வி: டிக்கி போதாவிட்டால் கூரையில் கேரியர் மாட்டிக்கொள்ளலாமே?
- ஒரு வாசகர், கன்னங்குறிச்சி

பதில்: மாட்டலாம், துணிப்பை, பாய் மாதிரி லேசான சாமான்களுக்கு. கூரை எவ்வளவு எடை தாங்கும் என்று வண்டியோடு தரும் கையேட்டில் போட்டிருக்கும், நீங்கள் நினைப்பதை விடக் குறைவாகத்தான் இருக்கும். அரிசி மூட்டையை மேலே கட்டிக்கொண்டு ஏற்காடு வளைவில் திருப்பினால் வண்டி சாய்வது ஸ்டியரிங்கிலேயே தெரியும். கனமானதைக் கீழே, நடு சீட்டின் முதுகோடு ஒட்டி வையுங்கள். கேரியரை வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள், சும்மா இருந்தாலும் காற்றைக் கிழித்துக்கொண்டு பெட்ரோல் குடிக்கும்.