பூங்காவில் பழைய இலவ மரம்: வெண்டையில் சிவப்பு நாவாய்ப்பூச்சிக்கு அதை வெட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: போடிநாயக்கனூர் பக்கம் ஒரு ஏக்கரில் வெண்டை போட்டிருக்கிறேன். வேலியை ஒட்டி ஊராட்சிப் பூங்கா. அதில் பழைய இலவ மரம் ஒன்று, சுற்றளவு 4 மீட்டர், நெஞ்சு உயரத்தில் கை நுழையும் பொந்து. போன ஆடிக் காற்றில் ஒரு கிளை முறிந்தது. சித்திரை வந்தால் மரத்தடியிலிருந்து சிவப்புப் பூச்சி கூட்டமாக வெண்டைக்கு வருகிறது. மரத்தை வெட்டச் சொல்லி மனு கொடுக்கலாமா?

பதில்: மனுவைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். பூச்சி வேறு, பொந்து வேறு. பூச்சிக்காக மரத்தை வெட்டத் தேவையில்லை. பொந்துக்காக வெட்டுவதா என்பதை அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

முதலில் பூச்சி. நீங்கள் பார்ப்பது பருத்தியில் வரும் அதே சிவப்பு நாவாய்ப்பூச்சி. பருத்தி, வெண்டை, துத்தி, பூவரசு, இலவு எல்லாம் ஒரே குடும்பம் என்பதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். இலவு காத்த கிளி ஏமாறலாம், நாவாய்ப்பூச்சி ஏமாறாது. அதற்கு வேண்டியது பழம் அல்ல, விதை. நெற்று வெடித்துத் தரையில் சிந்தும் விதையில்தான் அது பெருகுகிறது. முட்டையையும் ஈரமண் இடுக்கிலும் சருகுக்கு அடியிலும்தான் இடும். மரத்தின் உச்சிக்கு மருந்து அடித்துப் பயனில்லை என்பது இதனால்தான். குழந்தைகள் விளையாடும் இடத்தில் அடிக்கவே கூடாது. இரவில் விரியும் இலவம் பூவுக்கு வௌவால் வரும், தேனீயும் வரும். அவற்றுக்கும் கேடு.

பங்குனியில் நெற்று பழுப்பேறியதும், வெடிப்பதற்கு முன்பே, ஊராட்சியிடம் சொல்லி முழுவதையும் இறக்கிவிடுங்கள். பஞ்சுக்கு விலை உண்டு, கூலி அதிலேயே வந்துவிடும். (விதைப் பிண்ணாக்கை முட்டைக் கோழிக்குப் போடாதீர்கள், வெள்ளைக்கரு இளஞ்சிவப்பாகும்.) பிறகு மரத்தடியைக் கூட்டி, சருகையும் விதையையும் அள்ளி அப்புறப்படுத்துங்கள். வேர் அறுபடாமல் மேல்மண்ணை இரண்டு விரல் ஆழத்துக்கு மட்டும் கிளறிவிட்டால் முட்டை வெயிலில் காயும். மிஞ்சிய பூச்சிக்குப் பொறி வையுங்கள். இரவு ஊறவைத்த பருத்தி விதையை ஈரச்சாக்கில் கைப்பிடி கைப்பிடியாக வைத்தால் காலையில் குஞ்சும் பூச்சியும் மொய்த்திருக்கும். அப்படியே சோப்புத் தண்ணீரில் உதறுங்கள். சாக்கை மறந்து அங்கேயே விட்டால் நீங்களே விருந்து வைத்ததாகிவிடும். முட்டை பொரிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் என்பதால் ஒரு தடவையோடு நிறுத்தக் கூடாது. வாரம் ஒருமுறை என ஐந்து வாரம் செய்யுங்கள்.

உங்கள் வெண்டைக்கு 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். 5 கிலோ வேப்பம் பருப்பை இடித்து 10 லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து வடிகட்டி, 200 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து, 100 லிட்டராக்கி மாலையில் அடியுங்கள். வேலியோரத்துத் துத்தியையும் பிடுங்கிவிடுங்கள்.

இனி பொந்து. கைவிடும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள், பாம்பு இருக்கலாம். சுற்றளவு 400 சென்டிமீட்டர் என்றால் குறுக்களவு சுமார் 127, ஆரம் 64. பொந்தைச் சுற்றியுள்ள நல்ல கட்டை ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது, இங்கே 21 சென்டிமீட்டராவது, இருக்க வேண்டும். பொந்து வழியாகக் கம்பியை நேராக விட்டு, மக்கல் தாண்டிக் கெட்டியான கட்டையில் முட்டும் இடத்தை மரத்தின் வெளிப்பட்டையிலிருந்து அளந்து பாருங்கள். 95 வந்தால் பின்சுவர் 32, தாராளம். 110 வந்தால் 17 தான். பக்கச்சுவர்களை மரச்சுத்தியால் தட்டிப் பாருங்கள். பானையைத் தட்டுவது போல் கேட்டால் அங்கே உள்ளே வெற்றிடம். மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கு, வாய் மூடிய பொந்துக்கானது. வாய் அகலமாக இருந்தால் இன்னும் கூடுதல் கட்டை வேண்டும். அளவு எப்படி இருந்தாலும், பலகை வேர் அடியில் காளான் தட்டு முளைத்திருந்தாலோ, மரம் சாயும் பக்கத்துக்கு எதிரே மண் விண்டிருந்தாலோ காத்திருக்க வேண்டாம். ஆட்களை விலக்கிவிட்டு உடனே ஊராட்சியிடம் எழுத்தில் சொல்லுங்கள். பொது நிலத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும்.

பொந்தில் சிமென்ட் போடச் சொல்வார்கள், விடாதீர்கள். மரம் காற்றில் ஆடும், சிமென்ட் ஆடாது. இடுக்கில் நீர் தேங்கி மக்கல் கூடும்.

கிளை கழிப்பது நெற்று இறக்கிய பின், ஆனிக் காற்றுக்கு முன். காய்ந்தது, விரிசல் விட்டது, பூங்கா ஊஞ்சலுக்கு மேல் நீண்டது மட்டும். மொத்தத் தழையில் கால் பங்குக்கு மேல் வேண்டாம். மொட்டையடித்தால் பக்கத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும், அவை ஒட்டுப்பலம் இல்லாதவை, நாலைந்து ஆண்டில் அவையே முறியும். இலவம் கட்டை மெத்து, சீக்கிரம் மக்கும். அதனால் பெரிய காயம் கூடாது. தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்து இறக்குங்கள், பட்டை உரியாது. மிஞ்சிய கட்டையைக் கிளை தொடங்கும் புடைப்பை ஒட்டி அறுக்க வேண்டும், புடைப்பில் கை வைக்கக் கூடாது. தார், பெயின்ட் எதுவும் பூச வேண்டாம்.

அதுவரை ஊஞ்சலைக் கிளை நிழலுக்கு வெளியே மாற்றச் சொல்லுங்கள். உங்கள் மனு இப்போதைக்கு அதற்கு மட்டும் இருக்கட்டும்.